வயிற்றுக்குச் சேராத உணவைக் கண்டறிவது எப்படி? விலக்குவது முதல் திரும்பச் சேர்ப்பது வரை

சாப்பிட்டபின் வயிறு உப்புசம், இரைச்சல், வாயுத் தொல்லை, ஒருநாள் பேதி, மறுநாள் மலச்சிக்கல் என்று அவதிப்படுகிறவர்கள், யாரிடமும் கேட்காமல் முதலில் பாலை நிறுத்துகிறார்கள், பிறகு கோதுமையை, பிறகு பருப்பு வகைகளை நிறுத்துகிறார்கள். கடைசியில் தட்டில் வைப்பதற்கு நான்கைந்து உணவுகளே மிஞ்சுகின்றன. எனக்கு வெங்காயமும் பூண்டும்தான் நெடுங்காலமாகத் தொல்லை கொடுத்துவந்தன. உணவியல் நிபுணர் ஒருவரின் மேற்பார்வையில் முறையாகச் சோதித்துப் பார்த்த பிறகே, எதை, எந்த அளவுவரை என் வயிறு தாங்கும் என்பது எனக்குத் தெளிவாயிற்று. அந்த முறையைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இங்கே வரிசையாக எழுதுகிறேன். உணவை விலக்கும் கட்டம் சில வாரங்களுக்கு மட்டுமே உரியது என்பதையும், உண்மையான வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது என்பதையும் மனத்தில் இருத்திக்கொண்டு படியுங்கள்.

படி 1: மருத்துவரிடம் முடிக்க வேண்டியதை முதலில் முடியுங்கள்

உணவு ஒவ்வாமை என்பது உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் சம்பந்தப்பட்டது. குறிப்பிட்ட உணவு துளியளவு உள்ளே போனாலே உதடும் நாக்கும் வீங்குவது, உடம்பெங்கும் தடிப்பது, மூச்சுத் திணறுவது போன்றவை சில நிமிடங்களில் தொடங்கி, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இப்படி ஒருமுறையேனும் நேர்ந்திருந்தால், கீழே வரும் சோதனைகள் எதையும் வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. இந்தப் பதிவு பேசும் ஒத்துக்கொள்ளாமை பெரும்பாலும் செரிமானம் சார்ந்தது. ஒரு நொதி குறைவாகச் சுரப்பதாலோ, சில வகைச் சர்க்கரைகள் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதிப்பதாலோ ஏற்படுவது. உண்ணும் அளவைப் பொறுத்துக் கூடும், குறையும்.

கோதுமையின் மீது சந்தேகம் இருந்தால், அதை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் தூண்டப்பட்டு, சிறுகுடலின் உட்சுவர் சிதையும் நோய் அது. குளூட்டனைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டால், பரிசோதனையில் தேடப்படும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் குறையத் தொடங்கி, நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும். அப்புறம் பரிசோதனைக்காகவே மீண்டும் பல வாரங்கள் கோதுமை சாப்பிட வேண்டியிருக்கும்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுவலி அல்லது பேதி ஆகியவற்றில் எது இருந்தாலும், உணவுச் சோதனையைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

படி 2: இரண்டு வாரம் குறிப்பேடு எழுதுங்கள்

இந்த இரண்டு வாரமும் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட வேண்டும். இதற்கெனக் கைப்பேசிச் செயலிகள் பல உள்ளன. எனினும், கோடு போட்ட சாதாரண நோட்டுப் புத்தகத்தையே நான் பரிந்துரைப்பேன். செயலி தரும் பட்டியலில் நீங்கள் சாப்பிட்டதற்கு நெருக்கமான ஏதோவொரு பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அதில் என்னென்ன சேர்ந்திருந்தன என்ற விவரம் அங்கேயே தொலைந்துபோகும்.

ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: “மதியம் 1.15. வெந்த சோறு ஒரு கிண்ணம், காய்கறிக் குழம்பு (வெங்காயம், பூண்டு, தக்காளி, கேரட்), தயிர் அரைக் கிண்ணம். மாலை 6.30: உப்புசம், 10க்கு 6. இரவு 8: குறைந்தது. முந்தைய இரவு தூக்கம் 4 மணி நேரம்.” தூக்கம், மன அழுத்தம், மாதவிடாய் நாட்கள் ஆகியவற்றைக் கட்டாயம் எழுதுங்கள். இவை ஒவ்வொன்றும் குடலின் போக்கை மாற்றக்கூடியவை என்பதால், இந்த விவரங்கள் இல்லாவிட்டால் பழி முழுவதும் அன்று சாப்பிட்ட உணவின் மீதே விழுந்துவிடும்.

கால இடைவெளியையும் கவனியுங்கள். பாலில் உள்ள லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பொதுவாக அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொல்லை தெரியத் தொடங்கிவிடும். வெங்காயம், கோதுமை, பருப்பு வகைகளில் உள்ள சர்க்கரைகள் பெருங்குடலைச் சென்றடையப் பல மணி நேரம் ஆகும். ஆகவே, இரவு உணவுக்குப் பின் வரும் உப்புசத்துக்கு மதிய உணவு காரணமாக இருப்பது மிகச் சாதாரணம்.

படி 3: எதைச் சோதிப்பது என்று முடிவு செய்யுங்கள்

குறிப்பேட்டில் பால் பொருட்கள் மட்டுமே திரும்பத் திரும்பத் தென்பட்டால், லாக்டோஸை மட்டும் சோதித்தால் போதும், மற்றவற்றைத் தொடாதீர்கள். இதற்கு ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனையும் உண்டு. லாக்டோஸ் கரைசலைக் குடிக்கச் சொல்லி, குறிப்பிட்ட இடைவெளிகளில் வெளிவிடும் மூச்சில் ஹைட்ரஜன் கூடுகிறதா என்று அளப்பார்கள்.

பல உணவுகள் ஒரே நேரத்தில் சந்தேகத்துக்கு உள்ளானால், ஃபாட்மேப் எனப்படும் சர்க்கரைத் தொகுதிகளைக் குறைக்கும் முறை பயன்படும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த முறை இது. இதில் முக்கியமான தொகுதிகள் ஐந்து: பாலின் லாக்டோஸ்; தேனிலும் ஆப்பிளிலும் உள்ள மிகுதியான ஃபிரக்டோஸ்; கோதுமை, வெங்காயம், பூண்டில் உள்ள ஃபிரக்டான்; பருப்பு, பயறு வகைகளில் உள்ள காலக்டோ ஒலிகோசாக்கரைடு; சார்பிட்டால், மன்னிட்டால் முதலிய சர்க்கரை ஆல்கஹால்கள்.

குளூட்டன் சேரவில்லை என்று தாமே முடிவு கட்டியவர்களில் பலருக்கு உண்மையான காரணம் கோதுமையில் உள்ள ஃபிரக்டானாக இருக்கலாம். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், சீலியாக் நோய் இல்லாமல் குளூட்டனைத் தவிர்த்துவந்த 59 பேருக்கு, எது எதில் இருக்கிறது என்று தெரியாதவாறு குளூட்டன், ஃபிரக்டான், இரண்டும் இல்லாதது என மூன்று வகைத் தின்பண்டங்களைக் கொடுத்துப் பார்த்தபோது, ஃபிரக்டானே அதிகத் தொல்லை கொடுத்தது.

ஒரு குப்பி இரத்தத்தைக் கொண்டு நூற்றுக்கணக்கான உணவுகளைப் பட்டியலிட்டுத் தரும், ஐ.ஜி.ஜி என்ற எதிர்ப்பொருளை அளக்கும் பரிசோதனைக்குத் தயவுசெய்து பணம் செலவழிக்காதீர்கள். அந்த எதிர்ப்பொருள் இருப்பது, அந்த உணவை நீங்கள் சாப்பிட்டு வருகிறீர்கள் என்பதைத்தான் காட்டும். ஐரோப்பிய, அமெரிக்க ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை. இந்தப் பட்டியலை நம்பிச் சத்தான உணவுகளைத் துறந்து மெலிந்துபோனவர்களைப் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

படி 4: குறுகிய காலம் விலக்குங்கள்

இரண்டு முதல் ஆறு வாரங்கள் போதும். அதற்குள் எந்த மாற்றமும் தெரியாவிட்டால், இந்த உணவுகள் காரணமல்ல என்று எடுத்துக்கொண்டு, வழக்கமான உணவுக்குத் திரும்பி, மருத்துவரிடம் வேறு காரணங்களைப் பற்றிப் பேசுங்கள். பால் பொருட்களைக் குறைத்தால் சுண்ணாம்புச் சத்துக்கு மாற்று தேவை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1000 மில்லிகிராம் வேண்டும், ஒரு கோப்பைப் பாலிலேயே ஏறத்தாழ 300 மில்லிகிராம் இருக்கிறது. லாக்டோஸ் நீக்கிய பால் கிடைத்தால் இந்தக் கவலை பெரிதும் தீரும்.

பொட்டல உணவின் அட்டையைப் படிக்கும்போது பால் பவுடர், மோர்ப்புரதப் பவுடர், வெங்காயத் தூள், பூண்டுத் தூள், இனுலின், சிக்கரி வேர் நார், சார்பிட்டால், மன்னிட்டால் ஆகிய பெயர்களைத் தேடுங்கள். “நார்ச்சத்து மிகுந்தது” என்று விளம்பரப்படுத்தப்படும் பல பண்டங்களில் இனுலின்தான் சேர்க்கப்பட்டிருக்கும்; அதுவும் ஃபிரக்டான் வகையே.

படி 5: ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள்

பெரும்பாலோர் இந்தப் படிக்கு வருவதே இல்லை. வயிறு அமைதியாகிவிட்டது, அதைக் கலைப்பானேன் என்ற அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால், இந்த உணவுகளில் பல, குடலில் நன்மை செய்யும் நுண்ணுயிர்களுக்கு இரையாகின்றன. ஃபாட்மேப் குறைந்த உணவில் பைஃபிடோ வகை நுண்ணுயிர்களின் எண்ணிக்கை குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே, இங்கே நிறுத்திவிடக் கூடாது.

ஒரு வாரத்துக்கு ஒரு தொகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுக்கும் உணவில் அந்த ஒரு தொகுதி மட்டுமே இருக்க வேண்டும். லாக்டோஸைச் சோதிக்கப் பால் பொருத்தமானது. ஐஸ்கிரீம் பொருந்தாது, ஏனெனில் அதில் கொழுப்பும் வேறு பலவும் கலந்திருக்கும். ஃபிரக்டானைச் சோதிக்க ரொட்டி வாங்கினால், அதில் பால் பவுடர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் நாள் கால் கோப்பைப் பால், இரண்டாம் நாள் அரைக் கோப்பை, மூன்றாம் நாள் முழுக் கோப்பை. இடையில் தொல்லை வந்தால் அங்கேயே நிறுத்தி, அந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை என்றாலும், மூன்றையும் தனித்தனி வாரங்களில் சோதியுங்கள். எனக்குக் கோதுமை பிரச்சினையே இல்லை என்பது இப்படித்தான் தெரியவந்தது. வெங்காயம், பூண்டு போன்றவற்றை அளக்கச் சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று அவசியம். “ஒரு பல் பூண்டு” என்பது பூண்டுக்குப் பூண்டு மாறும், 3 கிராம் மாறாது.

மூன்று நாள் சோதனை முடிந்ததும், குறைந்தது இரண்டு மூன்று நாட்கள் அந்த உணவு இல்லாமல் இருந்துவிட்டு, வயிறு பழைய நிலைக்கு வந்த பிறகே அடுத்த தொகுதிக்குப் போகவேண்டும். சோதனை நன்றாக முடிந்திருந்தாலும்கூட அந்த உணவை அப்படியே தொடரக் கூடாது. பால் தேறிவிட்டது என்று தினமும் குடித்துக்கொண்டே தேனைச் சோதித்தால், வரும் உப்புசம் தேனால் வந்ததா, இரண்டும் சேர்ந்ததால் வந்ததா என்று பிரித்தறிய வழியே இருக்காது. எல்லாத் தொகுதிகளையும் சோதித்து முடித்த பிறகு, தேறியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக உணவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முடிவு தெளிவாக இல்லாவிட்டால் சில வாரங்கள் கழித்து அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள். “இது தொல்லை தரும்” என்ற எதிர்பார்ப்பே வயிற்றைக் கலக்கிவிடும் என்பது ஆய்வுகளில் உறுதியான உண்மை. முடிந்தால், வீட்டிலுள்ள ஒருவரைக்கொண்டு, எந்த நாளில் சேர்த்தது என்று உங்களுக்குத் தெரியாதவாறு சமைக்கச் சொல்லுங்கள்.

படி 6: உங்கள் அளவோடு வாழுங்கள்

லாக்டோஸ் செரிக்காதவர்களில் பலர், ஒரு வேளைக்குச் சுமார் 12 கிராம் லாக்டோஸை, அதாவது ஒரு கோப்பைப் பாலை, பெரிய தொல்லையின்றித் தாங்குகிறார்கள். உணவோடு சேர்த்துக் குடித்தால் இன்னும் எளிது. நன்கு முதிர்ந்த கெட்டிப் பாலாடைக்கட்டியில் லாக்டோஸ் ஏறக்குறைய இல்லை. டப்பாவில் வரும் பயறுகளின் நீரை வடித்து நன்கு கழுவினால் அவற்றின் சர்க்கரை கணிசமாகக் குறையும்.

ஃபிரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே, பூண்டை முழுப் பல்லாக எண்ணெயில் வதக்கி, மணம் இறங்கியதும் பல்லை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் சமைக்கலாம். குழம்பு கொதிக்கும்போது பூண்டைப் போட்டுப் பிறகு எடுப்பதால் பயனில்லை. ஃபிரக்டான் அதற்குள் நீரில் இறங்கிவிட்டிருக்கும்.

பின்னர் சேர்த்தவை

பூண்டு எண்ணெயைப் பாட்டிலில் சேமித்து வைக்கலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். வீட்டில் தயாரித்ததை அறை வெப்பத்தில் வைக்கவே கூடாது. காற்றில்லாத எண்ணெய்க்குள் உயிராபத்தான பாட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளரக்கூடும். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் தயாரியுங்கள்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் உப்புசம் குறையவில்லை என்று எழுதிய வாசகர் ஒருவர், நாள் முழுதும் சர்க்கரையில்லாச் சூயிங் கம் மென்றுவந்திருக்கிறார். அதன் இனிப்பு சார்பிட்டால். இருமல் மருந்துகளிலும் இது இருக்கும். உங்கள் குறிப்பேட்டில் மருந்துகளுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். ஆனால், மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

லாக்டோஸ் நீக்கிய பாலில் பால் புரதம் அப்படியே இருக்கிறது. பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதைக் கொடுக்கக் கூடாது. பொதுவாகவே, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எடை குறைந்தவர்களுக்கும், உண்ணுதல் தொடர்பான மனநலச் சிக்கல் இருந்தவர்களுக்கும் இந்த விலக்கு முறையை நிபுணரின் நேரடி மேற்பார்வையின்றித் தொடங்க வேண்டாம்.

தோற்ற உணவு என்றென்றைக்கும் தோற்றதா என்றும் ஒரு கேள்வி வந்தது. கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு தற்காலிகமாக வரும் லாக்டோஸ் பிரச்சினை, குடல் ஆறியதும் பெரும்பாலும் சரியாகிவிடும். மற்றவற்றிலும் தாங்கும் அளவு காலப்போக்கில் மாறுவதுண்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை, வயிறு அமைதியாக இருக்கும் ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்து, முன்பு தோற்ற அளவின் பாதியிலிருந்து மீண்டும் தொடங்கிப் பாருங்கள்.