சாணை இயந்திரம் வாங்கும் முன் வேகத்தைப் பாருங்கள்

கத்திக்கும் உளிக்கும் சாணை இயந்திரம் வாங்கப் போகிறீர்களா? மோட்டாரின் திறனைவிடக் கல் சுழலும் வேகமே முக்கியம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 3000 சுற்று ஓடும் கிரைண்டரில் மெல்லிய முனை சில நொடிகளில் சூடேறிவிடும். கார்பன் எஃகு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். நீலம் பாய்ந்த பகுதியை முழுவதும் தேய்த்து நீக்கும்வரை அங்கே கூர் நிற்காது. நல்ல உளி அப்படி வீணாவதைப் பார்க்க மனம் பொறுக்காது.

தண்ணீரில் நனைந்தபடி நிமிடத்துக்கு 100 சுற்று அளவில் சுழலும் கல்லை வாங்குங்கள். நேரம் கூடுதலாகும், ஆகட்டும். கோணம் பிடிக்கும் தாங்கியை அசைத்துப் பார்த்து வாங்குங்கள்: சமையல் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை, மர உளிக்கு 25 முதல் 30. கோடரி, மண்வெட்டி மட்டும் என்றால் வேகமான கிரைண்டரே போதும். அடிக்கடி தண்ணீரில் தோய்த்துக்கொள்ளுங்கள்.