ஸ்டெரோட்டுக்கு கேர்கிவர் வேலைக்கு வர்றவங்களுக்கு: 15 செகண்டுக்குள்ள மமாத்துக்கு போறது எப்படி

இஸ்ரேல்ல இருக்கற ஸ்டெரோட்ல வேலை கிடைச்சிருக்கு, அங்க ராக்கெட் விழுமாமேன்னு பயந்துட்டு கேக்கறவங்களுக்காக எழுதறேன். காசா எல்லையில இருந்து இந்த ஊரு கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர்தான், அதனால எச்சரிக்கை வந்தா நமக்கு கிடைக்கறது வெறும் 15 செகண்ட், அஷ்கெலோன்ல 30, டெல் அவிவ்ல 90ன்னு தூரம் கூடக் கூட நேரமும் கூடும். இங்க ஊளையிடற சைரன் இல்ல, "செவா அடோம், செவா அடோம்"னு ஒரு பொம்பளக் குரல், செகப்புக் கலர்னு அர்த்தம். அது கேட்டப்புறம் யோசிக்க நேரமே கிடையாது, எல்லாத்தையும் முன்னாடியே யோசிச்சு வெச்சிருக்கணும்.

வந்த அன்னிக்கே மமாத், அதாவது வீட்டுக்குள்ளயே இருக்கற பாதுகாப்பு ரூம், எங்கன்னு கேளுங்க. கனமான கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, ஜன்னலுக்கு இரும்பு மூடி இருக்கற ரூம் அது. 1991 வளைகுடாப் போருக்கு அப்புறம் புதுசா கட்டற வீடுகளுக்கு கட்டாயமாக்கிட்டாங்க, பழைய வீடுகள்ல பின்னாடி சேர்த்துக் கட்டியிருப்பாங்க. அதை பழைய சாமான் போடற ரூமா ஆக்க விடாதீங்க. முடிஞ்சா நீங்க பாத்துக்கற பாட்டியோட கட்டிலையே உள்ள போட்டுடுங்க, ராத்திரி தூக்கத்துல எழுப்பி வீல்சேர்ல உக்கார வெக்க 15 செகண்ட் நிச்சயமா பத்தாது, நான் இதுல கண்டிப்பா இருப்பேன்.

பகல்ல எங்க உக்காந்திருந்தாலும் அங்கிருந்து மமாத்துக்கு வாய்விட்டு எண்ணிக்கிட்டே வீல்சேரைத் தள்ளிப் பாருங்க. நான் முதல் தடவை தள்ளினப்ப 22 ஆச்சு. காரணம் என்னன்னா ஹால்ல கிடந்த சின்ன கார்ப்பெட், முன்சக்கரத்துல சுருண்டு மாட்டிக்கிச்சு, அதை எடுத்துட்டு கதவுப் படியில ஒரு சாய்வுப் பலகை போட்டப்புறம் 11க்கு வந்துச்சு. அந்த 11 வந்த அன்னிக்குதான் நான் நிம்மதியா சாப்பிட்டேன்.

உள்ள போனதும் கதவை இழுத்துச் சாத்தி கைப்பிடியை முழுசா திருப்புங்க. பாதி திருப்பினா லாக் ஆகாது. சத்தம் நின்னுடுச்சுன்னு உடனே வெளிய வராதீங்க, வேற அறிவிப்பு இல்லன்னா 10 நிமிஷம் இருக்கணும், ஏன்னா அயர்ன் டோம், அதாவது வர்ற ராக்கெட்டை வானத்துலயே அழிக்கற ஏவுகணை அமைப்பு, மேலயே அடிச்சு உடைச்சாலும் துண்டுங்க கீழதான் விழும். வெளிய ஏதாவது கிடந்தா தொடாதீங்க, போலீஸ் 100, ஆம்புலன்ஸ் 101. தண்ணி, மாத்திரை, டார்ச், ஒரு பழைய செருப்பு உள்ளயே இருக்கட்டும், கண்ணாடி உடைஞ்சிருந்தா வெறுங்கால்ல நடக்க முடியாது. கான்கிரீட்டுக்குள்ள போன் சிக்னல் சரியா வராது, அதனால சின்ன ரேடியோ ஒண்ணு.

குளிக்கறதை சீக்கிரம் முடிங்க, துணியை கை எட்டற தூரத்துல வெச்சுக்குங்க. பதட்டமான நாள்ல எண்ணெய்ச் சட்டி வெக்காதீங்க. காதுல ஹெட்போன் மாட்டவே மாட்டாதீங்க.

வெளிய போறப்ப மிகுனித் எங்கெங்க இருக்குன்னு பாத்துக்கிட்டே நடங்க, கான்கிரீட்ல சின்ன அறை மாதிரி, பஸ் ஸ்டாப்புகளே அப்படித்தான் இருக்கும். விளையாட்டு மைதானத்துல கம்பளிப்பூச்சி மாதிரி பெயின்ட் அடிச்ச கான்கிரீட் குழாய் இருக்கு, பிள்ளைங்க விளையாடறதும் ஒளியறதும் அதுக்குள்ளதான், முதல்ல பாத்தப்ப எனக்கு மனசு கனத்துப் போச்சு. கார்ல இருந்தா ஓரமா நிறுத்தி இறங்கிடுங்க, பக்கத்துல கட்டடம் இல்லன்னா தரையில குப்புறப் படுத்து ரெண்டு கையாலயும் தலையை மூடிக்குங்க.

கடைசியா ஒண்ணு, பாட்டிங்க பல வருஷமா இதைப் பாத்தவங்க, ராக்கெட் 2001லேயே விழ ஆரம்பிச்சாச்சு, ஆனா ஒவ்வொரு தடவையும் கை நடுங்கத்தான் செய்யும். உள்ள போனதும் போனை எடுக்காம முதல்ல அவங்க கையைப் பிடிங்க, தண்ணி குடுங்க, அப்புறம் அவங்க பிள்ளைங்களுக்கு ஒரு மெசேஜ், "ரெண்டு பேரும் உள்ள இருக்கோம்"னு.