ஷேக்ஸ்பியரைப் படிப்பதிலும் மேடையில் பார்ப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷேக்ஸ்பியரின் நாடகங்களை நம்மில் பெரும்பாலோர் முதலில் அறிவது பாடநூல் வழியாகத்தான். மேடையில் பார்க்கும் வாய்ப்புப் பல ஆண்டுகள் கழித்தே அமைகிறது. பலருக்கு அமைவதே இல்லை. இதனால் படித்தவர்கள் மேடையேற்றத்தைப் புத்தகத்திற்கு வரைந்த படமாகவும், பார்த்தவர்கள் புத்தகத்தை வெறும் வசனத் தொகுப்பாகவும் எண்ணிவிடுகிறார்கள். இரண்டையும் தனித்தனிப் படைப்புகளாக மதித்து அணுகினால்தான் இரண்டும் தம் செல்வத்தைக் காட்டும்.

படிப்பவர்கள் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது, பேசுகிற பாத்திரத்தை மட்டுமே பின்தொடர்ந்து செல்வது. ஹாம்லெட் நாடகத்தின் முதல் அங்கம், இரண்டாம் காட்சியை எடுத்துக்கொள்வோம். புதிய அரசன் கிளாடியஸ் அவையினர் முன் தன் திருமணத்தைப் பற்றி நீண்ட உரை நிகழ்த்துகிறான். நார்வேக்குத் தூதர்களை அனுப்புகிறான். அமைச்சரின் மகன் லேயர்ட்டீஸுக்குப் பிரான்சுக்குத் திரும்ப விடை தருகிறான். இப்படி அறுபது வரிகளுக்கு மேல் கடந்த பிறகுதான் ஹாம்லெட் வாய் திறக்கிறான். புத்தகத்தில் அதுவரை அவனுக்கு ஒரு வசனமும் இல்லாததால், அவன் அங்கே இருப்பதையே வாசகர் மறந்துவிடுகிறார். மேடையிலோ, மணவிழாவின் மகிழ்ச்சி அடங்காத அவையில் அவன் ஒருவன் மட்டும் தந்தையை இழந்த துக்கத்தின் கறுப்பு உடையில் நிற்கிறான்; கிளாடியஸின் ஒவ்வொரு சொல்லையும் நாம் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிறோம். கோரியொலேனஸ் நாடகத்தில், ரோம் நகரைத் தாக்க வந்த நாயகனிடம் அதை விட்டுவிடும்படி அவன் தாய் வொலம்னியா மன்றாடி முடித்ததும், அவன் அவள் கையைப் பற்றி மௌனமாக நிற்பதாக ஒரு சிறு மேடைக்குறிப்பு வருகிறது. அவன் மனம் மாறுவதும், அதனால் பின்னர் அவன் உயிர் போவதும் அந்த மௌனத்தில்தான் தீர்மானமாகின்றன. வாசகரின் கண்ணோ அந்தக் குறிப்பை ஒரு நொடியில் தாண்டிவிடும். காட்சி தொடங்கும்போது உள்ளே வருபவர்களின் பெயர்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, இப்போது பேசாமல் நிற்பவர் யார் என்று அவ்வப்போது கேட்டுக்கொள்வது இதற்கு எளிய மருந்து.

முதல் வாசிப்பிலேயே ஒவ்வொரு வரிக்கும் அடிக்குறிப்பைத் தேடிப் போவது இன்னொரு தவறு. காட்சியை ஒருமுறை வாய்விட்டு முழுவதும் படித்த பிறகு குறிப்புகளுக்குப் போவதே நல்லது.

தாம் பார்த்த ஒரு மேடையேற்றமே அந்த நாடகம் என்று முடிவு கட்டுவது பார்வையாளர்களின் பெருந்தவறு. ஹாம்லெட்டுக்கே ஒரே மூலம் இல்லை: 1603இல் வெளிவந்த மிகச் சுருக்கமான பதிப்பு, அதற்கு அடுத்து வந்த விரிவான பதிப்பு, ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள வடிவம் என மூன்று உள்ளன. எதையும் வெட்டாமல் நடித்தால் நான்கு மணி நேரம் ஆகும் என்பதால், ஏறக்குறைய எல்லா இயக்குநர்களும் வெட்டுகிறார்கள். பல நேரங்களில் நார்வே இளவரசன் ஃபோர்ட்டின்பிராஸ் முழுமையாகவே காணாமல் போகிறான். லியர் மன்னனின் கதை இதைவிட வியப்பானது. நேகம் டேட் என்பவர் 1681இல் அதன் முடிவை மாற்றி, லியரின் இளைய மகள் கார்டீலியா உயிர் பிழைத்துத் திருமணமும் செய்துகொள்வதாக எழுதினார். 1838இல் நடிகர் மெக்ரீடி மூலத்திற்குத் திரும்பும்வரை ஆங்கில மேடைகளில் பெரும்பாலும் அந்த வடிவமே கோலோச்சியது. லியரை மேடையில் நடிக்கவே இயலாது என்று கட்டுரையாளர் சார்லஸ் லேம் 1811இல் எழுதியதை இன்றும் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அக்காலத்து மேடையில் இருந்தது டேட்டின் லியர் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், அந்தக் கூற்று மேடைக்கு அநீதியாகிவிடும்.

இதற்கு நேர் எதிரான தவறு, மூலத்தை மனத்தில் ஏந்திச் சென்று விடுபட்ட வரிகளை எண்ணிக்கொண்டிருப்பது. மேக்பெத் நாடகத்தின் விருந்துக் காட்சியில், மேக்பெத் ஆளனுப்பிக் கொன்ற பேங்கோவின் ஆவி, அவன் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி வந்து மேக்பெத்தின் இருக்கையில் அமர்வதாக 1623 பதிப்பு தெளிவாகவே சொல்கிறது. ஆயினும் சில இயக்குநர்கள் நாற்காலியைக் காலியாகவே விடுகிறார்கள். ஆவி தெரிந்தால் நாம் மேக்பெத்தோடு சேர்ந்து அஞ்சுகிறோம். தெரியாவிட்டால், விருந்தினர்களோடு சேர்ந்து அவனைக் கண்டு அஞ்சுகிறோம். மூலத்தில் உள்ளது இல்லையே என்ற குறையோடு அமர்ந்திருப்பவருக்கு இந்த இரண்டாவது அச்சம் கிட்டாது.

திரையரங்கிலோ கணினியிலோ பார்க்கும் பதிவை நேரடி அரங்கிற்கு ஈடாகக் கொள்வதும் தவறுதான், அத்தகைய பதிவுகள் நமக்கு எவ்வளவு பெரிய வரமாக இருந்தாலும். கிளாடியஸின் குற்றத்தை உறுதிசெய்ய ஹாம்லெட் ஏற்பாடு செய்த நாடகம் அரசன்முன் நடக்கும்போது, கிளாடியஸைப் பார்ப்பதா, அவனையே உற்றுநோக்கும் ஹாம்லெட்டைப் பார்ப்பதா, ஒன்றும் அறியாத அரசியைப் பார்ப்பதா என்பதை அரங்கில் நம் கண்ணே தேர்ந்துகொள்கிறது. பதிவில் அந்த உரிமை கேமராவுக்குப் போய்விடுகிறது.

எதை முதலில் செய்வது என்று கேட்டால், இன்பியல் நாடகங்களை முதலில் பார்த்துவிடுங்கள் என்றே சொல்வேன். பன்னிரண்டாம் இரவு நாடகத்தில் மல்வோலியோ பொய்க் கடிதத்தைப் படிக்கும் காட்சியின் சிரிப்பு முழுவதும், செடி மறைவில் ஒளிந்திருக்கும் மூவரையும் அவனையும் ஒருசேரப் பார்ப்பதில் இருக்கிறது. அச்சில் அவர்களின் பேச்சு ஒன்றன்பின் ஒன்றாக வந்து நீர்த்துப்போகிறது. துன்பியல் நாடகங்களை எந்த வரிசையிலும் அணுகலாம். படிப்பதற்கென்றே எழுதப்பட்டதாகப் பெரிதும் கருதப்படும் சுந்தரனாரின் மனோன்மணீயம் (1891) போன்ற நாடகங்களை இந்த அளவுகோலால் அளக்கக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எப்படியாயினும், பார்த்துவிட்டு வந்தபின் புத்தகத்தைத் திறக்காமல் இருந்துவிடாதீர்கள். மெஷர் ஃபார் மெஷர் நாடகத்தின் கடைசிக் காட்சியில், கன்னித்துறவியாக விரும்பிய இசபெல்லாவிடம் கோமகன் தன்னை மணக்கும்படி இருமுறை கேட்கிறான். மேடையில் அவள் கையை நீட்டக் கண்டிருந்தால், அவள் இசைந்தாள் என்றே நம்பி வீடு திரும்பியிருப்போம். ஜான் பார்ட்டன் 1970இல் இயக்கியபோது அவள் மேடையில் தனியாக நின்றாள். புத்தகத்திலோ அவளுக்குப் பதில் வரி எதுவும் இல்லை, மேடைக்குறிப்பும் இல்லை.