மணலில் முன்சில்லு புதைகிறதா?

யாழ்ப்பாணத்து மணற்காட்டு மணல்மேடுகளில் மோட்டார் சைக்கிள் ஓடும்போது முன்சில்லு புதைந்து ஹாண்டில் இழுக்கிறதா? ஸ்பிரிங் மாற்றக் காசைக் கொட்ட முன் இதைச் செய்து பாருங்கள். முன்சில்லை நிலத்திலிருந்து தூக்கி நிறுத்தி, போர்க்கின் (முன்சில்லைத் தாங்கி அதிர்வை வாங்கும் குழாய்கள்) மூடியிலுள்ள சிறிய காற்றுத் திருகைத் திறந்து மூடுங்கள். வெயிலில் உள்ளே அழுத்தம் ஏறினால் எந்தச் செட்டிங்கும் சரியாகத் தெரியாது. (ஸ்பிரிங் போர்க்குக்கு மட்டும்! ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றழுத்தத்தில் வேலை செய்யும் காற்றுப் போர்க்கில் கை வைக்காதீர்கள்.)

அப்புறம் கம்ப்ரெஷன் திருகு, அதாவது போர்க் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு. வலப்பக்கமாக மெதுவாக, முட்டும்வரை திருப்பி, எத்தனை கிளிக் என்று எழுதி வையுங்கள். பழைய இடத்துக்கு வந்து, மணலுக்கு இரண்டு கிளிக் மட்டும் இறுக்கி ஓடிப் பாருங்கள். ரீபவுண்டை (அமுங்கிய போர்க் திரும்பி எழும் வேகத்துக்கான திருகு) அன்றைக்குத் தொடவே வேண்டாம். இரண்டையும் சேர்த்துத் திருகினால் எது வேலை செய்தது என்று யாருக்குத் தெரியும்? கல் ரோட்டில் கை அதிர்ந்தால் அந்த இரண்டு கிளிக்கையும் தளர்த்திவிடுங்கள்.