கிழங்கும் சாளையும்: மூளைக்கு ஆகும்படி சமைக்க

மறதிக்கும் மனச்சோர்வுக்கும் மீனெண்ணெய் மாத்திரை வாங்க மார்த்தாண்டம் போகிறவர்கள் வழியில் சந்தையில் கூறுகட்டி வைத்திருக்கும் சாளை என்கிற மத்தி மீனையும் ஒரு பார்வை பார்க்கலாம். மூளையிலுள்ள ஒமேகா-3 கொழுப்பில் பெரும்பங்கு டிஎச்ஏ. உடம்பு அதைத் தானாக மிகச் சொற்பமாகவே உண்டாக்கும். 100 கிராம் சாளையில் டிஎச்ஏ, இன்னொரு ஒமேகா-3 கொழுப்பான இபிஏ இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு கிராம் கிடைக்கும். பருவத்துக்குப் பருவம் கூடும், குறையும். வாரம் இரண்டு தடவை, ஆளுக்கு 100 கிராம் போதும். நெய்மீனுக்கு (வஞ்சிரம்) காசைக் கொட்ட வேண்டாம். பெரிய மீனில் பாதரசமும் கூடுதல்.

சாளையில் முதலில் கெடுவது வயிறு. அழுத்திப் பார்த்தால் விறைப்பாக இருக்க வேண்டும். வயிறு பிளந்து குடல் தெரிந்தால் விட்டுவிடுங்கள். வெயிலில் கிடந்த சாளை, அயிலையில் (கானாங்கெளுத்தி) ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. வாங்கியதும் ஐஸ் போட்டுக் கொண்டுவர வேண்டும்.

குழம்புதான் நல்லது. பொரித்தால் மீனின் கொழுப்பு சட்டி எண்ணெயில் இறங்கிவிடும். குழம்பில் இறங்கினால் சோற்றோடு வயிற்றுக்கு வரும். நாலு பேருக்கு முக்கால் கிலோ சாளை, அரை மூடித் தேங்காய், 5 சின்ன உள்ளி, 2 தேக்கரண்டி மிளகாய்ப்பொடி, ஒரு மேசைக்கரண்டி மல்லிப்பொடி, அரைத் தேக்கரண்டி மஞ்சள், எலுமிச்சை அளவு புளி. அரைப்பு கொதித்துப் பச்சை வாசம் போன பிறகே மீனைப் போட்டு, 8 நிமிடத்தில் இறக்குங்கள். கரண்டி போட்டுக் கிளறினால் மீன் உடையும். சட்டியைச் சுழற்றினால் போதும்.

கூட வரும் மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். அதில் சயனைடாக மாறும் பொருள் உண்டு. சரியாக வேகாத கிழங்கையே நாள்தோறும் தின்று, புரதமும் குறைந்தால் நரம்பு பாதிக்கும். தொலியை வெள்ளை உள்தொலியோடு சேர்த்து உரியுங்கள். சிறு துண்டாக நறுக்கிப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்ற வேண்டும். கொதிக்கிற நீரில் நேரே போட்டால், நஞ்சை உடைத்து ஆவியாக்க உதவும் கிழங்கின் சொந்த நொதி முதலிலேயே செத்துவிடும். மூடாமல் நிறைய நீரில் வேகவிட்டு வடித்து, புது நீரில் உப்பிட்டு மறுபடி வேகவையுங்கள். கசக்கிற கிழங்கு குப்பைக்கு. மீனின் புரதத்திலுள்ள கந்தகம் மிச்சமிருக்கும் சயனைடை உடம்பு வெளியேற்றத் துணைசெய்யும். கிழங்குக்கு மீன்கறி என்று நாக்கு வைத்தது நல்ல கணக்குதான். தட்டில் கிழங்கு கால் பங்கு, மீதியில் மீனும் பயறும் கீரையும்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுத் தடை. அப்போது கருவாட்டையே நம்பினால் உப்பு ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், மூளையின் சிறு குழாய்கள் கெடும். சின்ன வள்ளங்களில் வரும் நெத்தோலியைப் பாருங்கள். முட்டையும் சிறுபயறும் இருக்கின்றன.

சாப்பிட்ட கையோடு கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) வேண்டாம். கீரை, பயறின் இரும்பை அது தடுக்கும். ஒரு மணி நேரம் கழியட்டும். இரும்பு குறைந்த பெண்களுக்கு அசதியும் கவனக்குறைவும் சேர்ந்தே வரும். தூக்கம் பிடிக்காதவர்கள் மாலை 4 மணிக்குப் பின் சாயாவே குடிக்காதிருப்பது நல்லது.

மீன் தொடாதவர்களுக்கு டிஎச்ஏ கிடைக்க ஆளிவிதைப் பொடி ஓரளவுதான் உதவும். பாசியெண்ணெய் மாத்திரை மேல். வைட்டமின் பி12-க்கு நாளுக்கு அரை லிட்டர் பாலோ தயிரோ வேண்டும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினோ நெஞ்செரிச்சல் மாத்திரையோ நெடுநாள் எடுப்பவர்கள், மீன் தின்றாலும் பி12 பரிசோதித்துக்கொள்ளுங்கள். மறதி, கால் மரப்பு, மனச்சோர்வு மூன்றுக்கும் அந்தக் குறை காரணமாகலாம். அதைப் பார்க்காமல் ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் விழுங்கினால் ரத்தசோகை மறையும், நரம்புச் சேதம் உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வுள்ள 67 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், 12 வாரம் உணவை மாற்றியவர்களில் 32 சதவீதம் பேர் மீண்டார்கள். பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம். சின்ன ஆய்வு. அவர்களில் பலரும் மருந்தோ ஆலோசனையோ தொடர்ந்தபடியேதான் உணவை மாற்றினார்கள். மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். உணவு மாற்றத்துக்கு 3 மாதமாவது கொடுங்கள்.