வீட்ல தெனம் குடிக்கிறவர நிறுத்த வைக்கணும்னா மொத வாரத்த எப்படி சமாளிக்கறது (வேலூர் பக்கத்து ஆளுங்களுக்கு)

தெனம் குடிக்கிற மனுஷன ஒரே நாள்ல நிறுத்த வைக்கிறது தான் எல்லா வீட்லயும் மொதல்ல பண்ற வேலை. பாட்டில புடுங்கி சாக்கடையில ஊத்தறது, ரூம்ல போட்டு பூட்டறது, கோயிலுக்கு இஸ்துக்கினு போய் கற்பூரம் அணைக்க சொல்லி சத்தியம் வாங்கறது, கையில கயிறு கட்டறது. சத்தியம் வாங்கறதுல தப்பில்ல, ஆனா பல வருஷமா தெனம் ஊத்தி பழகின ஒடம்புக்கு அது புரியாது, டக்குனு நிறுத்தினா வலிப்பு வரலாம், சில பேருக்கு உயிரே போயிடும். குடியால சாவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், நிறுத்தறப்பவும் சாவலாம்ங்கறது பாதி வீட்டுக்கு தெரியாது, அதனால தான் இத எழுதறேன்.

மொதல்ல அவர் எவ்ளோ குடிக்கறார்னு கணக்கு போடுங்க. "ஒரே ஒரு குவாட்டர் தான்மா"ன்னு சொல்லுவாரு. அந்த 180 மில்லி பாட்டில் லேபிள்ல 42.8 சதவீதம்னு போட்டிருக்கும், அதுல சுத்தமான ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம், டாக்டருங்க கணக்குல ஒரு டிரிங்க்னா 10 கிராம், அப்போ ஒரு குவாட்டர்னா ஆறு டிரிங்க். ஸ்ட்ராங் பீர் 650 மில்லி ஒண்ணு குடிச்சாலே நாலு. பீர் தானே, அது ஒண்ணும் பண்ணாதுன்னு பேசறவங்களுக்கு இத சொல்லுங்க.

அப்புறம் காலைல அவர கவனிங்க. டீ டம்ளர ரெண்டு கையாலயும் புடிக்கிறாரா, சட்டை பட்டன் போட தடுமாறுறாரா, ஒரு கட்டிங் உள்ள போன ஒடனே நடுக்கம் நின்னுடுதா? கடை தொறக்கறதே மதியம் 12 மணிக்கு தான், அதனால இந்த மாதிரி ஆளு ராத்திரியே வாங்கி பைக் சீட்டுக்கு அடியிலயோ அரிசி மூட்டை பின்னாலயோ ஒளிச்சி வெச்சிருப்பாரு. இது இருந்தா, இல்ல முன்னாடி எப்பவாவது வலிப்பு வந்திருந்தா, வீட்லயே வெச்சி நிறுத்த பாக்காதீங்க. ஆஸ்பத்திரி தான்.

பேசறதுக்கு நேரம் பாருங்க. ராத்திரி போதையில இருக்கறவர் கிட்ட சண்டை போடறது சுத்த வேஸ்ட், காலைல அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது, உங்களுக்கு தான் பிபி ஏறும். காலைல மொகம் கழுவி உக்காந்ததும் பேசுங்க, யாராவது ஒருத்தர் மட்டும், அவர் மரியாதை வெச்சிருக்கற ஆளா பாத்து, அக்காவோ மச்சானோ. மொத்த சொந்தக்காரனும் சுத்தி நின்னுக்கினு பஞ்சாயத்து பண்ணா நேரா கடைக்கு தான் போவாரு. "நீ குடிகாரன்"னு ஆரம்பிக்காதீங்க, "மாமா, உனக்கு கை நடுங்குது, ஒரு தபா டாக்டர் கிட்ட காட்டலாம் வா"ன்னு சொல்லுங்க. நடுக்கத்துக்கு மருந்து இருக்குன்னு சொன்னா வர்றவங்க நெறைய பேர், குடிய விடறதுக்குன்னு சொன்னா வர மாட்டாங்க.

எங்க போறது? பாகாயத்துல சிஎம்சியோட மனநல ஆஸ்பத்திரி இருக்கு, 1957ல இருந்து நடக்குது, காட்பாடில இருந்து ஒண்ணாம் நம்பர் ரெண்டாம் நம்பர் பஸ் நேரா போகும். அங்க அட்மிஷன்னா வீட்டாளு ஒருத்தர் கூடவே தங்கணும், அதனால யார் லீவு போடறதுன்னு முன்னாடியே பேசி வெச்சிக்கோங்க. காசு இல்லைன்னா அடுக்கம்பாறை கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ், அங்கயும் மனநல டாக்டருங்க இருக்காங்க. பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு போறோம்னு தெருவுல பேசுவாங்களேன்னு யோசிக்காதீங்க, தெரு அவர் ரோட்ல வுழுந்து கெடக்கறத ஏற்கனவே பாத்தாச்சி. எங்க போறதுன்னே புரியலைன்னா 14446க்கு போன் பண்ணுங்க, போதை மறுவாழ்வுக்குன்னே இருக்கற இலவச நம்பர், மனநல உதவிக்கு 14416.

இப்போ அந்த மொத அஞ்சு நாள். கடைசியா குடிச்சி ஆறேழு மணி நேரத்துலயே நடுக்கம், வேர்வை, வாந்தி, தூக்கம் இல்லாம பொரண்டு பொரண்டு படுக்கறது எல்லாம் ஆரம்பிக்கும். வலிப்பு வர்றதுன்னா பெரும்பாலும் மொத ரெண்டு நாளுக்குள்ள வரும், கையில சாவிக்கொத்து குடுக்காதீங்க, வாயில ஸ்பூன் வெக்காதீங்க, ஒருக்களிச்சி படுக்க வெச்சிட்டு 108க்கு அடிங்க. மோசமானது அதுக்கப்புறம் தான், ரெண்டாம் நாள் முடிஞ்சி நாலாம் நாளுக்குள்ள. எங்க தெருவுல ஒருத்தர் இப்படித்தான் மூணாம் நாள் ராத்திரி லுங்கில எறும்பு ஊருதுன்னு ஒண்ணொண்ணா பொறுக்கி பொறுக்கி தரையில போட்டுக்கினு இருந்தாரு, அங்க ஒரு எறும்பு கூட இல்ல, செத்துப்போன அவங்க நைனா வாசல்ல நிக்கறாருன்னு பேசிக்கினு வேற இருந்தாரு. வீட்ல காத்து கருப்புன்னு நெனச்சி மந்திரிக்க கெளம்பிட்டாங்க, பக்கத்து வீட்டு நர்ஸம்மா தான் திட்டி ஆம்புலன்ஸ்ல ஏத்தி விட்டாங்க. ஒடம்பு கொதிக்கும், நாடி பறக்கும், ஆளு எடம் நேரம் ஒண்ணும் தெரியாது. வைத்தியம் பாக்கலைன்னா இதுல சாவு வரும், பாத்தா பெரும்பாலும் பொழச்சிடுவாங்க.

அடுத்தது நம்ம ஊர் பழக்கம் ஒண்ணு, "டாக்டர், ரொம்ப வீக்கா இருக்காரு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க". குடிக்கறவங்க ஒழுங்கா சாப்பிடறது இல்ல, ஒடம்புல பி1 விட்டமின் சுத்தமா கொறஞ்சி போயிருக்கும், அந்த நெலமையில பி1 குடுக்காம வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏத்தினா மூளை பாதிக்கலாம், நடை தள்ளாடும், கண்ணு ஒரு மாதிரி போகும், ஞாபகம் போனா சில பேருக்கு திரும்பாது. அதனால சின்ன கிளினிக் போனாலும் வெக்கப்படாம "இவரு தெனம் குடிக்கறவரு, பி1 ஊசி போட்டுட்டு ஏத்துங்க"ன்னு வாய தொறந்து சொல்லணும்.

மெடிக்கல் ஷாப்ல தூக்க மாத்திரை வாங்கி நீங்களே குடுக்காதீங்க. நடுக்கத்துக்கு டாக்டர் எழுதறதும் அந்த வகை மாத்திரை தான், ஆனா அவங்க அளவு பாத்து நாளுக்கு நாள் கொறைச்சிக்கினே வருவாங்க, சரக்கு உள்ள இருக்கறப்போ அது சேர்ந்தா மூச்சே அடங்கிடும். அப்புறம் "குடிப்பவருக்கே தெரியாமல்"னு செவுத்துல போஸ்டர் ஒட்டியிருக்கும் பாருங்க, சாம்பார்ல கலக்கற பவுடர். அதுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. நெஜமாவே டைசல்ஃபிரம்ங்கற குடிய நிறுத்தற மருந்து இருந்தா இன்னும் ஆபத்து, அது உள்ள இருக்கறப்போ குடிச்சா மொகம் செவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, பிபி எறங்கி செத்தே போகலாம். டாக்டருங்க அந்த மாத்திரைய குடுப்பாங்க தான், ஆனா அவருக்கு வெவரம் சொல்லி, அவர் சம்மதத்தோட. மஞ்ச காமாலைக்கு கீழாநெல்லி அரைச்சி குடுத்து "எறங்கிடுச்சி"ன்னு மறுபடி ஆரம்பிக்கற கதையும் இருக்கு, கல்லீரல் வீங்கினது நிறுத்தினா தான் ஆறும்.

நடுவுல கடை சரக்கு கெடைக்கலைன்னு மலைப்பக்கம் காய்ச்சற சாராயத்துக்கு போகாம பாத்துக்கோங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில மெத்தனால்ங்கற வெஷம் கலந்த சாராயத்துல 60 பேருக்கு மேல செத்தாங்க. அது குடிச்ச ஒடனே தெரியாது, பல மணி நேரம் கழிச்சி வயித்து வலி, வாந்தி, கண்ணு மங்கல். கண்ணு மங்கலா தெரியுதுன்னு சொன்னா மோர் குடுத்து படுக்க வெக்காதீங்க, அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரி.

வீட்டம்மாவுக்கு ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு 150 ரூபான்னு வெச்சாலே மாசம் 4500, அது குழு லோன் தவணையில இருந்து தான் போகுது, அப்புறம் தோல் ஷாப்லயோ பீடி சுத்தியோ நீங்க சம்பாரிக்கறது கடன் கட்டறதுக்கே சரியா போகும். அவருக்கு கடன் குடுக்காதீங்கன்னு அக்கம் பக்கத்துல சொல்லி வைங்க, அவருக்கு பதிலா வேலைக்கு போன் பண்ணி "ஜொரம்"னு பொய் சொல்றத நிறுத்துங்க. அடிச்சா பொறுத்துக்கணும்னு ஒண்ணும் இல்ல, பெண்கள் உதவி நம்பர் 181க்கு பேசுங்க, 2005 குடும்ப வன்முறை தடுப்பு சட்டப்படி நீங்க அந்த வீட்லயே இருக்க உரிமை இருக்கு, அவர் வைத்தியத்துக்கு போறாருங்கறதுக்காக அடி வாங்கணும்னு யாரும் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரில இருந்து வந்தப்புறம் எது கவுத்து விடும்னா சனிக்கிழமை சம்பளமும் சாவு வீடும் தான். சம்பளத்த நேரா அக்கவுன்ட்ல போட சொல்லி மொதலாளி கிட்ட கேளுங்க, பல பேர் ஒத்துக்குவாங்க. சாவுக்கு போனா மாலை போட்டுட்டு எடுக்கறதுக்கு முன்னாடியே கெளம்பிடணும், கூட பசங்கள அனுப்பாதீங்க, குடிக்காத பெரியவர் ஒருத்தர் போகட்டும். ஐயப்பனுக்கு மாலை போடற பழக்கம் இருந்தா டாக்டர் கிட்ட சொல்லிட்டு போடுங்க, நெறைய பேர் அந்த நாள்ல நல்லாத்தான் இருக்காங்க, மாலை கழட்டற அன்னிக்கு சாயங்காலம் என்ன பண்றதுன்னு தான் யாரும் யோசிக்கறது இல்ல, அன்னிக்கு ஏஏ மீட்டிங் (குடிய விட நெனைக்கறவங்களும் விட்டவங்களும் கூடி பேசற கூட்டம்) எங்கயாவது இருந்தா கூட்டிக்கினு போங்க. மறுபடி குடிச்சிட்டா அடுத்த நாள் காலைலயே பழைய சீட்ட எடுத்துக்கினு அதே ஓபிக்கு போங்க, அவங்களுக்கு இது புதுசு இல்ல, திட்ட மாட்டாங்க, ஆனா எத்தன நாள் குடிச்சார், எவ்ளோ, கடைசியா எத்தன மணிக்குன்னு கேப்பாங்க, அத ஒரு பேப்பர்ல எழுதி வெச்சிக்கோங்க.