தென்னஞ்சாராய வடிசாலை: கொழும்பிலிருந்து சென்று பார்ப்பதும் முறையாகச் சுவைப்பதும்

ஒரே வடிசாலையில் முளைவிட்ட பார்லியிலிருந்து மட்டும் வடிக்கப்படும் ஸ்கொட்லாந்தின் சிங்கிள் மோல்ட் விஸ்கியை முகர்ந்து, ஒரு துளி நீர் விட்டு, மீண்டும் முகர்ந்து பார்க்கும் பொறுமை கொழும்பில் பலருக்கு உண்டு. அதே பொறுமையை, தென்னங்கள்ளை வடித்தெடுக்கும் நமது கரையோரத் தென்னஞ்சாராயத்துக்கும் கொடுத்துப் பார்க்க விரும்புவோருக்காக இதனை எழுதுகிறேன். இலங்கைச் சட்டப்படி 21 வயது நிறைந்தவர்களுக்கே மதுபானம் விற்கலாம் என்பதால், குழுவில் அதற்குக் குறைந்த வயதினரைச் சேர்க்க வேண்டாம்.

முதலில் நாளைத் தீர்மானியுங்கள். பௌர்ணமிதோறும் வரும் போயா நாட்களில் மதுபான விற்பனை தடைசெய்யப்பட்டுள்ளதால், நாட்காட்டியில் அவற்றை விலக்கிவிடுங்கள். தென்மேல் பருவமழை கொட்டும் காலத்தையும் தவிர்ப்பது நல்லது. தென்னை உச்சிகளுக்கிடையே கட்டிய கயிற்றில் நடந்து பாளை சீவும் தொழிலாளருக்கு, கயிறு நனைந்திருந்தால் அது உயிராபத்தான வேலை. இங்குள்ள வடிசாலைகள் ஸ்கொட்லாந்தில் இருப்பவைபோல நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகும் இடங்கள் அல்ல. வடிக்கப்படும் ஒவ்வொரு லீற்றருக்கும் வரிக்கணக்கு உண்டு என்பதால் மதுவரித் திணைக்களத்தின் கண்காணிப்பும் இருக்கும். எனவே நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குப் பல நாட்களுக்கு முன்பே எழுதி, வருவோரின் பெயர்களையும் வருகையின் நோக்கத்தையும் குறிப்பிட்டு, எழுத்துமூல அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். ஐந்தாறு பேருக்கு மேல் சேர்க்காதிருந்தால் உள்ளே ஒவ்வொருவருக்கும் பார்க்கவும் கேட்கவும் இடம் கிடைக்கும்.

வடிசாலைக்குப் போகும் முன் தென்னந்தோப்பைப் பாருங்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை. பார்லியை முளைக்க வைத்து, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் ஊற வைத்த பின்னரே விஸ்கிக்காரருக்குச் சீனி கிடைக்கிறது. தென்னையிலோ அது பாளையிலிருந்து நேராகவே சொட்டுகிறது. விடியற்காலையில் வெள்ளவத்தை நிலையத்தில் தெற்கே செல்லும் மெதுவான புகையிரதத்தில் ஏறி, கடல் தெரியும் வலப்பக்கத்து ஆசனத்தில் அமர்ந்துகொண்டால், வாதுவையிலோ களுத்துறையிலோ இறங்கும்போது சீவல் வேலை நடந்துகொண்டிருக்கும். விரியாத பாளையைக் கட்டி, நாள்தோறும் மெதுவாகத் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லியதாகச் சீவி, சொட்டும் சாற்றை முட்டியில் ஏந்துகிறார்கள். மரத்துக்கு மரம் இறங்கி ஏறாமல், உச்சிகளுக்கிடையே கட்டிய தும்புக்கயிறுகள் இரண்டில், மேல்கயிற்றைப் பிடித்துக் கீழ்க்கயிற்றில் நடந்து செல்வது இக்கரையோரத்தின் தனி வித்தை. கீழே நிற்பவர்கள் சத்தமிட்டுக் கூப்பிடவோ, மேலே நடப்பவரைப் படத்துக்காக நிற்கச் சொல்லவோ கூடாது. அவர் தரையில் இறங்கிய பின் பேசுங்கள். எத்தனை மரம், எத்தனை வருட அனுபவம், மழைக்காலத்தில் வருமானம் எப்படி என்று கேட்டால், எந்த வழிகாட்டியும் சொல்லாதவற்றை அவர் சொல்லுவார்.

இங்கே கள்ளை ஒருமுறை முகர்ந்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விஸ்கிக்கு ஈஸ்டைச் சேர்த்து இரண்டு மூன்று நாட்கள் நொதிக்க விடுவார்கள். கள்ளுக்கு எவரும் எதையும் சேர்ப்பதில்லை. காற்றிலும் முட்டியிலும் இயல்பாக இருக்கும் ஈஸ்டே, சாறு சொட்டத் தொடங்கிய கணத்திலிருந்து வேலையை ஆரம்பித்துவிடுகிறது. சில மணி நேரத்திலேயே ஏறத்தாழ 5 முதல் 7 சதவீதம் வரை மதுசாரம் உண்டாகிவிடும். தாமதித்தால் புளித்து வினாகிரியின் பக்கம் போய்விடும். ஆகவே கள்ளை விரைந்து வடிசாலைக்குச் சேர்க்க வேண்டும். வடிசாலைகள் தென்னந்தோப்புகளை ஒட்டி அமைந்ததற்கு இந்த அவசரமே காரணம்.

வடிசாலைக்குள் மூடிய சப்பாத்து அணிந்து செல்லுங்கள். தீப்பெட்டி, சிகரெட் முதலியவற்றை வாயிலிலேயே விட்டுவிடுங்கள்; கைத்தொலைபேசியையும் கேட்காமல் எடுக்காதீர்கள், ஏனெனில் மதுசார ஆவி நிறைந்த அறையில் ஒரு பொறியே போதும். கள்ளைக் காய்ச்சி வடிக்கும் பாத்திரமான வாலைக்கு அருகே நிற்கும்போது இரண்டு விடயங்களைக் கேட்டறியுங்கள். ஒன்று, வடிப்பது தொகுதி தொகுதியாகக் காய்ச்சும் செப்பு வாலையிலா, அல்லது ஈனியஸ் கோஃபி 1830 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற வகையான, இடைவிடாமல் வடிக்கும் தொடர் வடிகோபுரத்திலா என்பது. முதலாவது மூலப்பொருளின் மணத்தைக் கூடுதலாகக் காப்பாற்றும். இரண்டாவது தூய்மையான, மென்மையான வடியைத் தரும். மற்றொன்று, எந்த இடத்தில் வடியைப் பிரிக்கிறார்கள் என்பது. முதலில் வரும் காரமான வடியையும் கடைசியில் வரும் கனத்த வடியையும் ஒதுக்கி, நடுவில் வருவதை எடுப்பதில்தான் வடிப்பவரின் மூக்கும் அனுபவமும் தெரியும். செம்பு கந்தகச் சேர்மங்களைப் பிடித்துக்கொள்வதனால், செப்புப் பாத்திரத்தில் வடித்தது மணத்தில் தெளிவாக இருக்கும்.

வடித்த சாராயத்தை மரத்தில் முதிர வைத்துப் பதப்படுத்தும் அறை எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஸ்கொட்ச் விஸ்கி ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். இங்கே மரபாகப் பயன்படுவது ஹல்மில்ல மரத்தாலான பெருந்தொட்டிகள். அம்மரத்தை ஆங்கிலேய வணிகர் திருகோணமலை மரம் என்றே அழைத்தனர் என்பதை, கிழக்கிலிருந்து வந்து கொழும்பில் வாழும் வாசகர்கள் அறிந்து மகிழலாம். தொட்டி பெரிதாக இருக்க இருக்க, சாராயத்தின் ஒவ்வொரு லீற்றருக்கும் கிடைக்கும் மரத்தின் பரப்பு குறையும்; அதனால் மரத்தின் மணம் சாராயத்தின் மணத்தை மூடி மறைக்காது. வெப்பமோ ஆவியாதலை விரைவுபடுத்துகிறது. ஸ்கொட்லாந்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகும் என்பார்கள். நமது தட்பவெப்பத்தில் இழப்பு பன்மடங்கு. ஆகவே வயதை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவது பொருந்தாது.

சுவைத்துப் பார்ப்பதை, வடிசாலையில் ஒரு வாய் கிடைத்தாலும், வீட்டுக்கு வந்து இன்னொரு நாள் அமைதியாகச் செய்வதே சிறந்தது. மூன்று அல்லது நான்கு போத்தல்கள் போதும். நான்கைத் தாண்டினால் நாக்கு உண்மை பேசாது. அடி அகன்று வாய் குறுகிய சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் ஒவ்வொன்றிலும் 15 மில்லிலீற்றர் ஊற்றுங்கள். கடும் குளிரூட்டிய அறை மணத்தை அடக்கிவிடும். மின்விசிறியின் நேர்க்காற்று அதைக் கொண்டுபோய்விடும். எனவே மாலை வெயில் தணிந்ததும், விசிறிக்கு ஒதுங்கி அமருங்கள். வாசனைத் திரவியம் பூச வேண்டாம். மிளகாய்க் காரமான கஜுவையும் பொரியலையும் பின்னுக்கு வைத்துவிட்டு, கிறீம் கிறேக்கரும் தண்ணீரும் மட்டும் மேசையில் இருக்கட்டும். துப்புவதற்கு ஒரு பாத்திரமும் வையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூக்கைக் கிண்ணத்துக்குள் அழுத்தாமல், விளிம்புக்குச் சற்று மேலே வைத்து, வாயைச் சிறிது திறந்தபடி மெதுவாக முகருங்கள். தென்னஞ்சாராயத்தில் தேங்காய் மணம் இருக்கும் என்று எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். அது தேங்காயிலிருந்து வருவதல்ல, பூவின் சாற்றிலிருந்து வருவது. பூமணம், பழுத்த வாழை, தேன், சில வேளை பலாச்சுளை, அடியில் காலையில் முகர்ந்த கள்ளின் மெல்லிய புளிப்பு ஆகியவற்றைத் தேடுங்கள். பின்னர் ஒரு சிறு மடக்கை வாய் முழுவதும் பரவவிட்டு, விழுங்கிய பின் அல்லது துப்பிய பின் எவ்வளவு நேரம் சுவை நிற்கிறது என்று கவனியுங்கள். விஸ்கிக்கு ஒரு கரண்டி நீர் தாங்கும். உள்ளூர்ச் சாராயம் பல வேளை மதுசாரம் 33 முதல் 37 சதவீதத்துக்கே இறக்கப்பட்டு வருவதால், இரண்டு மூன்று துளிக்கு மேல் விட்டால் வெளிறிவிடும். பனிக்கட்டியையும் ஜிஞ்சர் பியரையும் சுவைத்து முடித்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.

போத்தல் வாங்கும்போது நிறத்தை நம்பாதீர்கள். கருகிய சீனியினாலும் அந்த நிறம் வரும். லேபிளில் முழுவதும் தென்னஞ்சாராயம் என்று எழுதியிருக்கிறதா, வேறு மதுசாரத்தோடு கலந்ததா என்று வாசியுங்கள். முதல் முறை சுவைக்கும்போது ஒரு கலப்பையும் ஒரு தூய சாராயத்தையும் அருகருகே வைத்தால் வேறுபாடு உடனே விளங்கும். வடமராட்சியில் திக்கம் வடிசாலையோடு பெயர் பெற்ற பனஞ்சாராயம் கிடைத்தால் அதைக் கடைசியில் வையுங்கள். அதன் மணம் அழுத்தமானது, முன்னால் வைத்தால் தென்னையின் மென்மை தெரியாமல் போய்விடும். உரிமமின்றிக் காய்ச்சும் கசிப்பை, எவர் எவ்வளவு அன்போடு நீட்டினாலும், வாங்காதீர்கள்.

சுவைக்கும் நாளில் நண்பர்கள் வீடு திரும்ப முச்சக்கரவண்டியை முன்கூட்டியே பேசிவையுங்கள். மிஞ்சிய போத்தலை வெயில் படாத அலுமாரியில் நிமிர்த்தி வைத்து, பாதிக்குக் கீழே போய்விட்டால் உள்ளே காற்று கூடி மணம் தளரும் என்பதால், சில மாதங்களுக்குள் நண்பர்களோடு முடித்துவிடுங்கள்.